ட்ரோன் ரிமோட்டுக்குத் தகடு மாட்டுனா ரேஞ்ச் கூடுமா?

மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்துல ட்ரோன் விடுற நம்ம பையங்க கொஞ்ச பேரு இப்ப ரிமோட் ஆண்டெனாவுக்குப் பின்னால செம்பு கலர்ல வளைஞ்ச தகடு ஒன்ன மாட்டிக்கிட்டுத் திரியுறாங்க, நானும்தான். தோட்டத்து மேற்பார்வை பாக்குற மண்டோர் அண்ணன் பாத்துட்டு "என்னா தம்பி, ரிமோட்டுக்கும் அஸ்ட்ரோ டிஷ் வச்சிட்டியா?"ன்னு கேட்டாரு.

அஸ்ட்ரோங்கிறது இங்க சேட்டிலைட் டிவி. கிண்டலாத்தான் கேட்டாரு, ஆனா விஷயம் அதேதான். தகட்டுக்கு கரண்டும் கெடையாது ஒண்ணும் கெடையாது, நம்ம வயித்துப் பக்கம் வீணாப் போற சிக்னல முன்னாடி திருப்பி விடுது, அவ்ளோதான் வேலை. ட்ரோன்லருந்து வர்ற வீடியோவையும் அதே தகடு சேத்துப் புடிக்கும், அதனால படம் விட்டு விட்டு வர்றது கொறையும். எனக்கு தூரத்தைவிட அதுதான் லாபம். தூரக் கணக்குப் பாத்தா, திறந்தவெளியில ரெண்டு மடங்கு போக சிக்னல் 6 டெசிபல் (சிக்னல் பலத்த அளக்குற கணக்கு) கூடணும், 3 டெசிபல் கெடைச்சா 1.4 மடங்குதான், அதனால விளம்பரத்துல போடுறத எல்லாம் அப்படியே நம்பிடாதீங்க.

காசு குடுத்து வாங்கணும்னும் இல்ல, மைலோ டின்ன வெட்டி விரிச்சோ அட்டையில அலுமினியம் ஃபாயில் ஒட்டியோ செஞ்சிக்கலாம் (டின் ஓரம் கைய கிழிச்சிரும், டேப் சுத்திருங்க). முக்கியமானது இடைவெளி. ரிமோட் சிக்னல் 2.4, 5.8 கிகாஹெர்ட்ஸ்னு ரெண்டு அலைவரிசையில ஓடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை 12.5 சென்டிமீட்டர் நீளம், அதுல கால்வாசி, அதாவது 3 சென்டிமீட்டர் சுமாருக்கு ஆண்டெனாவுக்குப் பின்னால தட்டையான தகடு நின்னா திரும்பி வர்ற அலை முன்னாடி போற அலையோட சேந்துக்கும். அதே 3 சென்டிமீட்டர்ல 5.8 ஓடுச்சுன்னா கதை மாறிடும், அந்த அலையே 5 சென்டிமீட்டர் சொச்சம்தான், அரை அலைக்குக் கிட்ட வந்துருறதால ரெண்டும் ஒண்ண ஒண்ணு அடிச்சிக்கும். அதனால ஆப்ல ஆட்டோவுல விடாம 2.4ல லாக் பண்ணிருங்க.

தகடுக்கு முன்னாடி இன்னொண்ணு, ஆண்டெனா நுனிய துப்பாக்கி மாதிரி ட்ரோனுக்கு நீட்டுறவங்கதான் இங்க அதிகம். நுனியிலருந்து சிக்னல் வராது லா, பட்டையான பக்கம் ட்ரோன பாக்கணும். இத சரி பண்ணாலே பாதிப் பேருக்கு தகடே தேவைப்படாது.

அப்புறம் மரம். செம்பனை மட்டை பூரா ஈரம், மழை விட்ட கையோட கேக்கவே வேணாம், 2.4 சிக்னல அது முழுங்கிடும், எந்தத் தகடு வச்சாலும் வரிசை வரிசையா நிக்கிற மரத்த ஊடுருவிப் போகாது. கண்ணுக்கு ட்ரோன் தெரியுதேன்னு மட்டைய ஒரசுற மாதிரி பறக்க விட்டாலும் பத்தாது, 1 கிலோமீட்டர் தூரத்துக்கு நடுவுல, ரிமோட்டுலருந்து ட்ரோனுக்குப் போற நேர்கோட்ட சுத்தி 5 மீட்டருக்கு மேல காலியா இருக்கணும். ஒசரமான மண்மேடு கெடைச்சா அதுல ஏறி நின்னு விடுங்க. அதுக்காக மேல ஏத்திக்கிட்டே போகாதீங்க, சிஏஏஎம் (மலேசிய விமானப் போக்குவரத்து ஆணையம்) விதிப்படி 400 அடிக்கு மேல கூடாது, ட்ரோன் கண்ணுல பட்டுக்கிட்டும் இருக்கணும்.

தகடு மாட்டுனா சிக்னல் ஒரே பக்கமா குவியும், ட்ரோன் வலது பக்கம் போனா நீங்களும் ஒடம்போட திரும்பணும், தலைக்கு மேலயோ முதுகுப் பக்கமோ வந்தா முன்ன இருந்ததவிட மோசமாயிடும். கிளம்புறதுக்கு முன்னாடி ரிட்டர்ன் டு ஹோம் (சிக்னல் அறுந்தா ட்ரோன் தானா திரும்பி வர்றது) உயரத்த மரத்துக்கு நல்லா மேல வச்சிருங்க, வயசான செம்பனை 20 மீட்டர்கூட இருக்கும்.