சுங்கை சிப்புட் (மலேசியா) நாட்குறிப்பு: நவம்பர் 2024

12 நவம்பர், செவ்வாய்

விடிந்ததும் ஆலையிலிருந்து அழைப்பு. "அண்ணே, எடைமேடை மறுபடியும் நின்னுடுச்சு. லோரி எல்லாம் வாசல் வரைக்கும் நிக்குது." எண்ணெய்ப்பனைக் குலை முழுக்க மழையில். பறித்த 24 மணி நேரத்துக்குள் அவிக்காவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறும். எடைமேடைக் கேமராவை ஓட்டும் சிறு லினக்ஸ் கணினி போர்டு, கேமரா நிரலை நிறுத்தித் திரும்பத் தொடங்கும்போதுதான் செத்துப்போகிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது ஒருநாளும் இல்லை.

13 நவம்பர், புதன்

போர்டோடு வந்த டிரைவரை (லினக்ஸின் மையமான கர்னலுக்குள் இருந்து கேமராவை இயக்கும் பகுதி) வரிவரியாகப் படித்தாயிற்று. நிரல் டிரைவரின் கோப்பைத் திறக்கும் ஓப்பனில், நிரலின் நினைவகத்தை விவரிக்கும் எம்எம் கட்டமைப்பின் முகவரியை அப்படியே எடுத்து வைத்துக்கொள்கிறது, எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்ற எந்தக் கணக்கையும் ஏற்றாமல். படம் வந்ததும் வொர்க்கியூ (பின்னணி வேலைகளின் வரிசை; அதை ஓட்டுவது வொர்க்கர்) அந்த எம்எம் வழியாக நிரலின் பஃபரில், படத்துக்கென ஒதுக்கிய நினைவிடத்தில், எழுதுகிறது. கோப்பின் கடைசிப் பிடியும் விட்டபின் ஓடும் ரிலீஸில், அந்த வேலையை நிறுத்தி அது முடியும்வரை காத்திருக்கும் கேன்சல்_வொர்க்_சிங்க் இருக்கிறது. கோப்பு மூடும்போது வேலை நின்றுவிடும், அது போதும் என்று எழுதியவர் நம்பியிருக்கிறார்.

போதாது. நிரல் சாகும்போது கர்னல் ஓட்டும் டூ_எக்ஸிட்டின் வரிசையைப் பார்த்தால் தெரியும். நினைவகத்தை விடும் எக்ஸிட்_எம்எம் முதலில். அப்புறம் எக்ஸிட்_செம், எக்ஸிட்_எஸ்எச்எம். அதற்கும் பிறகுதான் கோப்புகளை விடும் எக்ஸிட்_ஃபைல்ஸ். அதுவும் உடனே ரிலீஸைக் கூப்பிடுவதில்லை. கோப்பின் பிடியை விடும் கடைசி எஃப்புட், டாஸ்க் வொர்க் என்ற தள்ளிப்போட்ட வேலைப் பட்டியலில் போய் விழுந்து, எக்ஸிட்_டாஸ்க்_வொர்க் வந்த பிறகே ரிலீஸ் ஓடும். ஆக, நினைவகம் போய் வெகுநேரம் கழித்துத்தான் கோப்பு மூடுகிறது. வீட்டை இடித்த பிறகு கதவைப் பூட்ட வருகிற கதை.

14 நவம்பர், வியாழன்

இடி. மூன்று மணிக்குக் கரண்டு போய், கர்னல் கம்பைல் பாதியில் நின்றது.

16 நவம்பர், சனி

பிடிபட்டது!

கியூஎமு என்ற மெய்நிகர் கணினியில் 4 சிபியூ, ஆலையில் உள்ள அதே 5.15 கர்னல், விடுவித்த நினைவகத்தைத் தொட்டால் அறிக்கை தரும் கேசான் போட்டு. நினைவகத்தில் எட்டில் ஒரு பங்கைக் கேசானின் நிழல் தின்றுவிடும், அதனால் தாராளமாக ராம் கொடுக்க வேண்டும். வொர்க்கர் எம்எம் முகவரியை எடுத்ததற்கும் பூட்டுப் போடுவதற்கும் நடுவில் ஒரு எம்ஸ்லீப்(50), 50 மில்லிவினாடித் தூக்கம். பிள்ளை நிரல் ஓப்பன் செய்து வேலை அனுப்புகிறது, தாய் நிரல் உடனே அதைக் கொல்லும் சிக்கில் அனுப்புகிறது, திரும்பவும் முதலிலிருந்து. தூக்கம் போடாவிட்டால் இரவெல்லாம் ஓடினாலும் சத்தமே இல்லை. போட்டால் உடனே அறிக்கை.

செத்த பொருள் எம்எம் கட்டமைப்பான எம்எம்_ஸ்ட்ரக்ட் என்றுதான் எதிர்பார்ப்போம். அறிக்கை சொல்வது விஎம்_ஏரியா_ஸ்ட்ரக்ட், சுருக்கமாக விஎம்ஏ, நினைவகத்தின் ஒரு பகுதியை விவரிப்பது. விடுவித்த அழைப்பு அடுக்கு: ரிமூவ்_விஎம்ஏ, எக்ஸிட்_எம்மேப், எம்எம்புட், டூ_எக்ஸிட். தொட்ட அழைப்பு அடுக்கு: ஃபைண்ட்_விஎம்ஏ, வொர்க்கர். எம்எம்மின் பூட்டான எம்மேப்_லாக்கை வொர்க்கர் சரியாகத்தான் எடுத்திருக்கிறது. இதைப் பார்த்ததும் பூட்டில் கோளாறு தேடப் போனால் வாரம் போய்விடும்.

17 நவம்பர், ஞாயிறு

எம்எம்_ஸ்ட்ரக்ட் ஏன் சாகவில்லை? எக்ஸிட்_எம்எம் போகிற போக்கில் எம்எம்_கவுண்ட் என்ற கணக்கில் ஒன்று கூட்டிவைக்கிறது, செத்துக்கொண்டிருக்கிற டாஸ்க் சோம்பல் டிஎல்பியில் (அட்டவணையை மாற்றாமல் பழையதையே வைத்துக்கொள்ளும் முறை) அதே பக்க அட்டவணையின் மேல் ஓடுவதற்காக. அந்த சிபியூ வேறு நிரலுக்கு மாறும்வரை எம்எம்_ஸ்ட்ரக்ட் என்ற வெற்று ஓடு மிச்சம். உள்ளே ஒன்றும் இல்லை. பூட்டு அந்த ஓட்டுக்குள் இருப்பதால் பூட்டும் ஒழுங்காகத் திறந்து மூடும். நினைவகத்தைப் பயன்படுத்துவோரின் கணக்கான எம்எம்_யூசர்ஸ் பூஜ்யம் ஆனபின் வேறு யாரும் வரமாட்டார்கள் என்ற உறுதியில்தான் 5.15இன் எக்ஸிட்_எம்மேப் பெரும்பகுதி பூட்டே இல்லாமல் ஓடுகிறது. அந்த உறுதியை உடைத்தது டிரைவர்.

எம்எம்_கவுண்ட் ஓட்டைக் காக்கும். எம்எம்_யூசர்ஸ் உள்ளிருப்பதைக் காக்கும். இரண்டும் வேறு.

18 நவம்பர், திங்கள்

ஓப்பனிலேயே எம்எம்_யூசர்ஸைக் கூட்டும் எம்எம்கெட் போட்டு ரிலீஸில் அதைக் குறைக்கும் எம்எம்புட் செய்தால் முடிந்தது என்று போர்டு விற்றவரிடமிருந்து பதில். முடியாது! இந்த நிரல் டிரைவரின் கோப்பை எம்மேப் செய்கிறது, அதாவது தன் நினைவகத்தில் பதித்துக்கொள்கிறது. விஎம்ஏ கோப்பைப் பிடித்திருக்கும், கோப்பு எம்எம்_யூசர்ஸைப் பிடித்திருக்கும், எம்எம்_யூசர்ஸ் இறங்காமல் விஎம்ஏ போகாது. நிரலை எத்தனை முறை கொன்றாலும் அத்தனை முறையும் அதன் நினைவகம் முழுதாகத் தங்கிவிடும். 1 ஜிபி போர்டு எத்தனை நாள் தாங்கும்?

நினைவகப் பக்கங்களை இடம் மாறாதபடி முன்கூட்டியே பிடித்து (pin) வைக்கலாம், வொர்க்கருக்கு எம்எம்மே வேண்டியிராது. சுத்தமான வழிதான். ஆனால் இங்கே பஃபர் நாள் முழுக்கப் பிடிபட்டிருக்கும், சிறிய போர்டில் பெரிய தொடர் நினைவகம் கேட்கும் கேமராவுக்கு அது இடைஞ்சல். வேண்டாம்.

19 நவம்பர், செவ்வாய்

எழுதியது:

ஓப்பனில் எம்எம்_கவுண்ட்டைக் கூட்டும் எம்எம்கிராப். ரிலீஸில், கேன்சல்_வொர்க்_சிங்க்குக்குப் பிறகு, அதைக் குறைக்கும் எம்எம்ட்ராப்.

வொர்க்கரில் ஒவ்வொரு முறையும், எம்எம்_யூசர்ஸ் பூஜ்யம் ஆகாதிருந்தால் மட்டும் கூட்டும் எம்எம்கெட்_நாட்_ஜீரோ. கிடைக்காவிட்டால் படத்தைத் தள்ளிவிட்டு வெளியே. கிடைத்தால் எம்மேப் பூட்டு, பக்கங்களை எடுத்தல், பூட்டை விடுதல், எழுதுதல், பக்கங்களைத் திருப்பிக் கொடுத்தல், எம்எம்புட். பிடி ஒரு படத்தின் நேரம்தான், அதனால் நேற்றைய வளையம் இங்கே வராது.

லினக்ஸின் மெய்நிகர் கணினிப் பகுதியான கேவிஎம்மும் எம்எம்_ஸ்ட்ரக்டை எம்எம்கிராப்பால்தான் பிடிக்கிறது. மனசுக்குத் தெம்பு.

20 நவம்பர், புதன்

பூட்டுகள் ஒன்றையொன்று மாட்டிக்கொள்ளுமா என்று பார்க்கும் லாக்டெப் கத்துகிறது. நியாயமான கத்தல். வொர்க்கர், டிரைவரின் பூட்டான மியூடெக்ஸைப் பிடித்தபடி எம்எம்புட் செய்கிறது. நிரல் அந்த இடைவெளியில் செத்திருந்தால் கடைசிக் கணக்கு வொர்க்கர் கையில். எக்ஸிட்_எம்மேப் வொர்க்கருக்குள்ளேயே ஓடி, விஎம்ஏவின் க்ளோஸைக் கூப்பிட, அது அதே மியூடெக்ஸைக் கேட்கும். எம்எம்புட் தூங்கக்கூடியது, ஊரையே கூட்டி வரக்கூடியது. மியூடெக்ஸை விட்ட பிறகே எம்எம்புட்.

க்ளோஸுக்குள் கேன்சல்_வொர்க்_சிங்க் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இருந்தால் வொர்க்கர் தனக்காகத் தானே காத்திருக்கும். நல்லவேளை, இல்லை.

21 நவம்பர், வியாழன்

மழை. ஆலையில் மறுபடி நின்றதாம். திருத்திய டிரைவரின் புதிய மாட்யூல் அங்கே இன்னும் ஏறவில்லை.

22 நவம்பர், வெள்ளி

எக்ஸெக், நிரல் தன்னையே இன்னொரு நிரலாக மாற்றிக்கொள்வது! நிரல் சாவதை மட்டும் நினைத்தால் இது கண்ணில் படாது. எக்ஸெக்கில் பழைய எம்எம் போய்ப் புதியது வருகிறது. க்ளோஸ்-ஆன்-எக்ஸெக் (எக்ஸெக்கில் தானே மூடும் குறி) இல்லாத கோப்பு அப்படியே திறந்திருக்கும், ரிலீஸ் வரவே வராது. நிரல் தன்னைப் பிரதியெடுக்கும் ஃபோர்க்கிலும் பிள்ளை கையில் தாயின் கோப்பு. நிரல் டிரைவருக்குக் கட்டளை அனுப்பும் ஐஆக்டிலில், சேமித்த எம்எம்மும் இப்போது அழைக்கும் நிரலின் எம்எம்மும் (கரண்ட்->எம்எம்) ஒன்றா என்று பார்த்து, இல்லையென்றால் பிழை திருப்ப வேண்டும். கேவிஎம்மும் இதையே செய்கிறது, ஈஐஓ (உள்ளீடு-வெளியீட்டுப் பிழை) என்று. இங்கும் அதே எண்.

23 நவம்பர், சனி

எம்ஸ்லீப்போடு கேசான் ஓட்டம், எக்ஸெக் சோதனையும் சேர்த்து: சத்தமில்லை. கேசானும், பூட்டில்லாமல் ஒரே தரவை இருவர் ஒரே நேரத்தில் தொடுவதைப் பிடிக்கும் கேசிசானும் ஒரே கர்னலில் சேர்ந்து வராது, அதனால் கேசிசானுக்குத் தனிக் கம்பைல் ஓடிக்கொண்டிருக்கிறது. அது சுத்தமாக வந்தால் திங்கள் காலை, முதல் லோரி வருமுன், மாட்யூலை ஏற்றலாம்.