பெட்டையைச் சுடாமல் மான் குறையாது

மானைத் தொட்டால் ஜெயில் என்று கேட்டு வளர்ந்த நமக்கு, பென்சில்வேனியாவில் காட்டோடு நிலம் வாங்கியதும் பக்கத்து நிலத்துக்காரர் "இந்த வருஷம் பெட்டையை எடுங்க" என்றால் தூக்கிவாரிப் போடும். 1907இல் இங்கேயும் பெட்டையைச் சுடத் தடை போட்டுப் பார்த்தவர்கள்தான். மான் பெருகி, முளைத்த மரக்கன்றையெல்லாம் மேய்ந்து தீர்த்தது.

ஒரு கிடா பல பெட்டைகளோடு சேரும் என்பதால், கொம்பனை எத்தனை சுட்டாலும் பிறப்பு குறையாது. வளர்ந்த பெட்டை நவம்பரில் சேர்ந்து, சுமார் 200 நாள் சுமந்து, பெரும்பாலும் இரண்டு குட்டி போடும். பெட்டைக் குட்டிகள் தாயை ஒட்டியே தங்கிவிடும். கிடாக்குட்டிகள்தான் ஒரு வயதில் வேறிடம் தேடிப் போகும்.

எத்தனை எடுப்பது என்பதை மானை எண்ணி முடிவு செய்யாதீர்கள், காட்டைப் பாருங்கள். தரையிலிருந்து ஐந்தடி வரை இலையே இல்லாமல் கோடு போட்டாற்போல் இருந்தால், ஓக் கன்று ஒன்றுகூட இல்லாமல் பெரணி மட்டும் மண்டியிருந்தால், மான் அதிகம். ஓரிடத்தில் கம்பிவலை வளையம் நட்டு வையுங்கள். இரண்டே வருஷத்தில் உள்ளுக்கும் வெளிக்கும் வித்தியாசம் தெரியும்.

பொது உரிமத்தோடு கொம்பில்லா மானுக்கு, அதாவது பெட்டைக்கும் குட்டிக்கும், தனி உரிமமும் வேண்டும். எச்-1பி விசாக்காரர் துப்பாக்கி வைத்திருக்கக் கூட்டரசுச் சட்டத்தில் தடை உண்டு. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு. உரிமம் காலாவதியானால் விலக்கும் போச்சு.

பலர் கோட்டைவிடுவது கிடாக்குட்டியில். கொம்பு முளைக்காத ஆறு மாதக் குட்டி தூரத்தில் பெட்டை மாதிரியே தெரியும். காதுகளுக்கு நடுவே தலை தட்டையாக இருந்தால் கிடா, வளைவாக இருந்தால் பெட்டை. முகம் குட்டை, உடம்பு சதுரம் என்றால் குட்டி. மூக்கு நீண்டு, உடம்பு செவ்வகமாக இருந்தால் வளர்ந்தது. சாயங்காலம் முதலில் தனியாக வெட்டவெளிக்கு வரும் சின்ன மான் பெரும்பாலும் கிடாக்குட்டிதான். இரண்டு மான் பக்கத்தில் நிற்கும்வரை பொறுத்திருந்து ஒப்பிடுங்கள்.

தாயைச் சுட்டால் குட்டி என்னாகும் என்று மனசு அடித்துக்கொள்ளும். அக்டோபரில் அது பால் மறந்து தானே மேய்ந்துகொண்டிருக்கும். சீசன் தொடக்கத்திலேயே எடுத்தால் குளிர்காலத் தீனியும் மிச்சமுள்ளவற்றுக்குக் கிடைக்கும்.

விழுந்ததும் நகர்த்துவதற்கு முன்பே உரிமத்தோடு தரும் அடையாளச் சீட்டை (டேக்) நிரப்பிக் காதில் கட்டுங்கள். கீழ்த்தாடையையும் எடுத்து வையுங்கள்: கடைவாய்ப் பற்களில் முன்னாலிருந்து மூன்றாவது பல் மூன்று மடிப்பாக இருந்தால் ஒன்றரை வயதுக்குள், இரண்டாக இருந்தால் அதற்கு மேல். சமைக்கும்போது வெள்ளைக் கொழுப்பு முழுவதையும் சீவி எறியுங்கள். ஆறினால் மெழுகாக அண்ணத்தில் ஒட்டும், மட்டன் மசாலாவால்கூட அதை மறைக்க முடியாது.