வீட்டைப் பறித்தவனிடமே வேலை

நேற்று இரவு '99 ஹோம்ஸ்' பார்த்தேன். ராமின் பஹ்ரானியின் 2014 படம். 2008 பொருளாதார நெருக்கடிக்குப் பிந்தைய அமெரிக்காவின் ஃபுளோரிடா. கட்டட வேலை போய், வீட்டுக்கடன் கட்ட முடியாமல் அம்மா, மகனோடு தெருவுக்கு வருகிறான் நாஷ். சாமான் எடுக்கச் சில நிமிடங்கள்தான் அவகாசம். அப்புறம், தன்னை வெளியேற்றிய வீட்டுத் தரகர் கார்வரிடமே வேலைக்குச் சேர்கிறான். மலம் நிரம்பிய வீட்டைக் கழுவுவதில் ஆரம்பம். பிறகு காலி வீடுகளில் ஏசியைக் கழற்றுகிற திருட்டு வேலை. கடைசியில் அடுத்தவர் வீட்டுக் கதவையும் அவனே போய்த் தட்டுகிறான். போக்கிடம் இல்லாத அந்த முதியவர் வரும் காட்சியில் கொஞ்சம் நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்தேன். கார்வராக வரும் மைக்கேல் ஷானன் மீது முழுதாகக் கோபப்படவும் முடியவில்லை. அவர் சொல்கிற கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. முடிவுதான் கொஞ்சம் அவசரம்.