ஆம்னி வேனும் மூன்று பையன்களும்

ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டால் மண்டபத்தில் என் வெல்டிங் பட்டறைக்கு மூச்சுவிட நேரமிருக்காது. ஜூன் 14 வரை 61 நாள், விசைப்படகுகளின் வின்ச், நங்கூரம், ஒடிந்த கைப்பிடிக் கம்பி என்று வந்து குவியும். பரீட்சை முடிந்த பையன்களும் தொழில் பழக அப்போதுதான் வருவார்கள்.

அப்படி வந்த மூவரில் ஒருவன் செல்போனில் ஒரு வீடியோ காட்டினான். அமெரிக்காவில் நடக்கும் டெமாலிஷன் டெர்பி. பழைய கார்களை வேண்டுமென்றே மோதவிடுகிறார்கள். கடைசிவரை எது நகர்கிறதோ அதற்குத்தான் பரிசு. கிறுக்குத்தனம்தான். ஆனால் வண்டியைத் தயார் செய்த விதத்தைப் பார்த்தேன். கண்ணாடிகளைக் கழற்றி, கதவுகளை வெல்டிங் வைத்து அடைத்து, பெட்ரோல் டேங்கைப் பின்சீட் இருந்த இடத்துக்கு மாற்றியிருந்தார்கள். நொறுங்கப்போகிற வண்டிக்கு இவ்வளவு வேலை!

"அண்ணே, நம்மளும் ஒண்ணு செய்வோமா?"

"ஓட்டுறதுக்கெல்லாம் இல்லடா. கதவை மட்டும் ஒட்டுங்க, பார்ப்போம்."

காயலான் கடையிலிருந்து ஆம்னி வேன் கூடு ஒன்றை வாங்கிப் போட்டேன். டேங்க் இல்லாத கூடாகப் பார்த்துத்தான் எடுத்தேன். காலி டேங்கில் தங்கிய பெட்ரோல் ஆவிக்கு ஒரு பொறி போதும்.

கார் தகடு ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது. நங்கூரத்துக்கு வைத்திருந்த 10 கேஜ் வெல்டிங் ராடைக் கொண்டுபோய் வைத்தான் ஒருவன். பொத்தென்று ஓட்டை. அதை அடைக்கப் போய் ஓட்டை பெரிதானது. அதைவிட மெல்லிய 12 கேஜ் ராடு கொடுத்து, கரண்டைக் குறைத்து, "இழுத்துக்கிட்டே போகாதே. ஒரு பொட்டு வை, சிவப்பு மங்கட்டும், அப்புறம் தள்ளி அடுத்த பொட்டு" என்றேன். நெத்திலி பொரிகிற மாதிரி சத்தம் சீராக வர இரண்டு நாள் ஆனது.

மூன்றாம் நாள் ஒட்டின் மேல் படிந்த கசடைத் தட்டினால் முழுக்கப் புழு அரித்தது போலத் துளைகள். ராடு பாக்கெட்டை இரவெல்லாம் திறந்து போட்டிருக்கிறார்கள்; கடற்காற்றின் ஈரம் மேல்பூச்சில் ஏறிவிட்டது. ஓடாத ஃபிரிட்ஜுக்குள் குண்டு பல்பு எரியவிட்டு ராடு வைக்கும் என் ஏற்பாட்டைக் கேலி செய்தவர்கள், அதற்குப் பிறகு தாங்களே ஃபிரிட்ஜ் கதவைச் சாத்த ஆரம்பித்தார்கள்.

ஒரு தப்பு என்னுடையது. அவசரத்தில் "இதைப் பிடிடா" என்று சின்னவனிடம் தகட்டைக் கொடுத்தேன், வெல்டிங் வெளிச்சத்தை மறைக்கும் கண்ணாடி கொடுக்கவில்லை. ராத்திரி அவன் அம்மா வந்து நின்றார். "கண்ணுல மணலை அள்ளிப் போட்ட மாதிரி இருக்குன்னு துடிக்கிறான்ணே." டாக்டரிடம் கூட்டிப்போனேன். இரண்டு நாளில் சரியாகிவிட்டது. அந்த இரண்டு நாளும் அவர்கள் தெரு வழியாக நான் போகவில்லை. இப்போது கண்ணாடி நாலு இருந்தால் பட்டறைக்குள் நாலு பேர்தான்.

கடைசி நாள் சம்மட்டியை எடுத்தேன். பெரியவன் ஒட்டிய கதவு, பார்க்க அழகாக வரிவரியாக இருந்தது, இரண்டே அடியில் பிரிந்தது. உள்ளே உருகிப் பிடிக்கவே இல்லை. சின்னவன் கதவில் ஏழெட்டு அடி. தகடுதான் ஓரமாகக் கிழிந்தது, கோணல்மாணலான அந்த ஒட்டு அப்படியே நின்றது.

பெரியவன் ஒன்றும் பேசவில்லை. கிரைண்டரை எடுத்துக்கொண்டு பிரிந்த கதவுக்குப் பக்கத்தில் போய்க் குந்தினான்.