காளானைக் கவிழ்த்துப் பார்க்கணும்

ஐப்பசி மழை கொட்டி ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதுரை ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி திண்டுக்கல் போய் அங்கிருந்து சிறுமலை. 18 கொண்டை ஊசி வளைவு முடிவதற்குள் போனில் சிக்னல் போய்விட்டது. நண்பனின் மாமா அங்கே காப்பித் தோட்டம் வைத்திருக்கிறார், நாங்கள் சுற்றியது அதற்குள்தான். (காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் போகவும் கூடாது, எதையும் பறிக்கவும் கூடாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.)

மாட்டுக்கொட்டகைப் பக்கத்துப் புல்லில் உள்ளங்கை அகலத்துக்கு நாலைந்து வெள்ளைக் குடை, தலையில் பழுப்புச் செதில். போனில் படத்தைப் போட்டுத் தேடினால் வட்டம் சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. நெட் இல்லாமலும் ஓடுகிற செயலி ஒன்றை முந்தின நாளே இறக்கி வைத்திருந்தேன். அது கொஞ்சமும் தயங்காமல், கடையில் டப்பாவில் வருமே மொட்டுக் காளான், அதன் சொந்தக்காரன் என்றது. கவிழ்த்துப் பார்த்தேன், அடியில் மடிப்பெல்லாம் வெள்ளை. ராத்திரிக்கு மிளகு போட்டு வறுத்துரலாம்டா என்று நண்பன் பையை விரித்துவிட்டான்.

தோட்டத்தில் வேலை பார்க்கும் அக்கா ஒருவர் அந்த வழியாக வந்தார்.

"அது நாய்க்குடை தம்பி, தொட்றாதீங்க."

எப்படிக்கா தெரியும் என்றால் சிரிக்கிறார். திங்கிறது புத்துல வரும், வாங்க என்று கூட்டிப்போனார். கரையான் புற்றடியில் சாம்பல் வெள்ளையில், நடுவில் கூராக, ஒரு கூட்டமே நின்றது. தண்டைப் பிடித்து இழுக்காமல் குச்சியால் மண்ணைக் கிளறிக்கொண்டே போனார், வேர் மாதிரி ஒன்று இறங்கி இறங்கிப் போகிறது. கரையான்கள் புற்றுக்குள் செத்தையைத் தின்று கழித்ததில் ஒரு பூஞ்சையை வளர்க்கும், மழை ஈரம் இறங்கியதும் அந்தப் பூஞ்சை மேலே வந்து விரிக்கிற குடைதான் இந்தப் புற்றுக்காளான். வருஷா வருஷம் அதே நாலு புற்றுக்குத்தான் போவாராம். வேறெங்கே முளைத்தாலும் எவ்வளவு அழகாக இருந்தாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்த நாலு இடம் எனக்குத் தெரியாது, அதனால் அவர் அறிவை நான் கடன் வாங்கவும் முடியாது.

நாய்க்குடையில் ஒன்றை மட்டும் செய்தித்தாளில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன் (பிளாஸ்டிக் பையில் போட்டால் வியர்த்து அழுகிவிடும்). தண்டை வெட்டி, குடையை வெள்ளைத்தாளில் மடிப்பு கீழே இருக்கும்படி வைத்து, ஒரு கிண்ணத்தால் மூடிவிட்டுத் தூங்கினேன். காலையில் தாளில் பச்சைத்தூள், மடிப்பிலிருந்து உதிர்ந்த வித்துகள்! அப்படியென்றால் இது குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ் என்ற விஷக்காளான். மடிப்பு ரொம்ப நாள் வெள்ளையாகவே இருந்து முற்றிய பிறகுதான் பச்சைக்குத் திரும்பும், அதனால்தான் படத்தைப் பார்த்த செயலி ஏமாந்தது. தின்றிருந்தால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் ஆளைப் புரட்டியெடுத்திருக்கும்.

இதுவாவது உடனே காட்டிக்கொடுத்துவிடும். அமானிட்டா என்ற காளான் இனத்தில் சில, தின்று 6 மணி நேரத்துக்கு மேல் ஒன்றுமே காட்டாது, அப்புறம் வயிறு புரட்டும், பிறகு சரியானது போலக்கூட இருக்கும், அதற்குள் கல்லீரல் போய்க்கொண்டிருக்கும். வேகவைத்தாலும் அந்த விஷம் போகாது. வெள்ளிக்காசு கறுக்கும், பூண்டு நிறம் மாறும், பூச்சி கடித்திருந்தால் நல்ல காளான் என்பதெல்லாம் சுத்தப் பொய். அந்த இனத்தில் பலவற்றுக்குத் தண்டின் அடியில் பை மாதிரி ஓர் உறை இருக்கும். நாம் மேலாகப் பறித்தால் அது மண்ணோடு நின்றுவிடும், அடையாளமே போச்சு.

அதனால் இப்போதெல்லாம் மலையில் பெயர் கண்டுபிடிக்க உட்காருவதே இல்லை. மேலே, கீழே, பக்கவாட்டில், தோண்டியெடுத்த அடி, வெட்டிய உள்பக்கம் என்று படம் எடுத்துக்கொள்வேன், பக்கத்தில் அளவுக்கு ஒரு ரூபாய்க் காசு. எந்த மரத்தடி, புல்லா, சாணமா, மட்கின கட்டையா, என்ன வாசனை என்று குறிப்பு. ஜிபிஎஸ்ஸுக்கு நெட் வேண்டாம், இடமும் பதிந்துவிடும். முன்னெல்லாம் மேலிருந்து ஒரே ஒரு படம், அதுவும் விரல் மறைத்தபடி. அதை வைத்து யாராலும் எதுவும் சொல்ல முடியாது.

நண்பன் இப்போது தள்ளுவண்டிக் காளானோடு நிறுத்திக்கொண்டான். அதில் முக்கால்வாசி முட்டைக்கோஸ், பயமே இல்லை.