மாதிரி ராக்கெட்: துடுப்புகளுக்குத் தர வேண்டிய நேரம்

மாதிரி ராக்கெட் கிட் ஒன்றைப் பிரித்தால் ஒரு காகிதக் குழாய், பிளாஸ்டிக் முனைக்கூம்பு, மெல்லிய பால்சா மரப்பலகை, சில அட்டை வளையங்கள், எலாஸ்டிக் நாடா, பாராசூட் ஆகியவை இருக்கும். இவற்றை ஒரே மாலையில் ஒட்டி முடித்துவிடலாம் என்றாலும், குழாயின் அடிப்பகுதியில் ஒட்டும் சிறகு போன்ற பால்சா துடுப்புகளுக்கு மட்டும் ஒரு முழு நாளை ஒதுக்குவதே சரி என்பது என் உறுதியான கருத்து. ராக்கெட் கிளம்பும்போது அதற்கு வழிகாட்டும் ஏவுகம்பி ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமே உள்ளது. அதை விட்டு நீங்கிய கணத்திலிருந்து ராக்கெட்டை நேர்வழியில் வைத்திருப்பவை அந்தத் துடுப்புகள் மட்டுமே.

துடுப்புகளை நாமே வெட்டும் கிட்டாக இருந்தால், மரத்தின் நாரோட்டம் துடுப்பின் முன்விளிம்புக்கு இணையாக இருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். நாரோட்டம் குழாய்க்கு இணையாக அமைந்துவிட்டால், தரையிறங்கும்போது ஏற்படும் சிறு அதிர்விலேயே துடுப்பு நாரோடு பிளந்துவிடக்கூடும். வெட்டிய துடுப்புகளை ஒன்றாக அடுக்கிப் பிடித்து உப்புத்தாளால் தேய்த்தால் அனைத்தும் ஒரே அளவுக்கு வரும். பிறகு முன்விளிம்பை வட்டமாகவும் பின்விளிம்பைக் கூராகவும் தேய்க்கலாம். குழாயோடு சேரும் அடிவிளிம்பை மட்டும் தட்டையாகவே விட வேண்டும்.

ஒட்டுவதற்குச் சாதாரண மரப்பசையே போதுமானது. அது காகிதத்தின் நார்களுக்குள்ளும் மரத்துக்குள்ளும் இறங்கிப் பிடிப்பதால், நன்றாக உலர்ந்த இணைப்பு குழாயின் காகிதத்தைவிட வலுவாகிவிடுகிறது. துடுப்பின் அடிவிளிம்பிலும் குழாயில் வரைந்த கோட்டிலும் மெல்லிய பூச்சு ஒன்றைக் கொடுத்து உலரவிட்டு, அதன் மேல் இன்னொரு பூச்சைத் தடவி அழுத்தினால் துடுப்பு விரைவில் பிடித்துக்கொள்ளும். குழாயின் மேல் நேர்கோடு வரைய, எல் வடிவ அலுமினியப் பட்டையின் உட்பக்கத்தில் குழாயைக் கிடத்தி, பட்டையின் விளிம்பையே அளவுகோலாகக் கொள்ளலாம். மூன்று துடுப்புகள் என்றால் அவற்றுக்கிடையே 120 பாகை இருக்க வேண்டும். எல்லாம் உலர்ந்த பின் ஒவ்வொரு மூலையிலும் பசையை விரலால் இழுத்து வழித்துவிடுவது இணைப்பை மேலும் உறுதியாக்கும்.

ராக்கெட்டை எரிந்து உந்தும் மோட்டாரைக் குழாய்க்குள் பிடித்து வைக்கும், அட்டை வளையங்கள் கொண்ட மோட்டார் தாங்கியைப் பற்றி ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: பசை தடவிய குழாய்க்குள் அதைத் தள்ளும்போது நடுவில் நிறுத்தக் கூடாது, ஏனெனில் மரப்பசை சில நொடிகளில் வளையங்களை இறுகப் பிடித்துவிடும்.

மோட்டாரை ஒருபோதும் வீட்டில் தயாரிக்கக் கூடாது. 1954இல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் செருப்புக்கடை நடத்திவந்த ஆர்வில் கார்லைல், தம் சகோதரருடன் இணைந்து உருவாக்கிய மாதிரி ராக்கெட்டின் அருமையே, ஒருமுறை எரித்தபின் மாற்றிக்கொள்ளக்கூடிய மோட்டாரில்தான் இருந்தது. இன்றைய மோட்டார்களின் மேல் 'ஏ8-3' போன்ற குறியீடு இருக்கும். எழுத்து மொத்தக் கணத்தாக்கின், அதாவது எரியும் நேரம் முழுவதும் மோட்டார் தரும் மொத்த உந்தலின், வகுப்பைக் காட்டுகிறது. அடுத்த எழுத்துக்குப் போகும்போது அதன் உச்சவரம்பு இரட்டிப்பாகும். 8 என்பது நியூட்டனில் சராசரி உந்துவிசை. 3 என்பது எரிந்து முடிந்த பின் பாராசூட்டை வெளியே தள்ளும் வெடிப்பு வரையிலான நொடிகள்.

சொந்தமாக வடிவமைத்தாலும் கிட்டில் சிறிது மாற்றம் செய்தாலும் சுழற்றிப் பார்க்கும் சோதனையைத் தவிர்க்கவே கூடாது. ராக்கெட் சமநிலையில் நிற்கும் புள்ளியான ஈர்ப்பு மையம், காற்றின் விசை மொத்தமாகச் செயல்படும் புள்ளியான அழுத்த மையத்துக்குக் குறைந்தது ஒரு குழாய் விட்டம் அளவு முன்னால் இருக்க வேண்டும் என்பதே விதி. புதிய மோட்டார், பாராசூட் அனைத்தையும் வைத்து, சமநிலைப் புள்ளியில் நூல் கட்டித் தலைக்கு மேல் சுழற்றும்போது முனை முன்னோக்கிச் சென்றால் ராக்கெட் நிலைப்புடையது. இல்லையெனில் முனைக்கூம்புக்குள் சிறிது களிமண் எடை சேர்த்து மீண்டும் சோதிக்க வேண்டும்.

பாராசூட்டைப் பல நாள்களுக்கு முன்பே மடித்து வைத்தால் பிளாஸ்டிக் ஒட்டிக்கொள்ளும். ஆகவே ஏவுவதற்குச் சற்று முன்னர் முகப்பவுடர் தூவி மடித்து, அதற்குக் கீழே தீப்பற்றாத காகிதத்தை வைத்து, அதன் பிறகே முனைக்கூம்பைச் செருக வேண்டும்.