சைக்கிள் சக்கரம்

"சைக்கிள் சக்கரத்துல கோட்டம் இருக்கு சார், வீலைக் கழட்டணும்."

கடைக்காரர் ஸ்போக்ஸைத் திருகி முடிக்கும்வரை ஸ்டூலில் உட்கார்ந்து அந்த ஒரு வாக்கியத்தையே உருட்டிக்கொண்டிருந்தேன்.

சைக்கிள், கிரேக்க 'குக்ளோஸ்' வழி வந்தது. சக்கரம், சமஸ்கிருத 'சக்ர'. வீல், ஆங்கிலம்.

மூன்றும் ஒரே சொல்லின் பேரப்பிள்ளைகள்!

இந்த மூன்று மொழிகளுக்கும் மூலமான ஆதி மொழியில் அந்தச் சொல்லைப் பேசியவர்கள், கருங்கடலுக்கு வடக்கே புல்வெளிகளில் மாடு மேய்த்தவர்கள் என்பது பெரும்பாலான ஆய்வாளர்கள் கருத்து.

வண்டிச் சக்கரமே கி.மு. 3500 வாக்கில்தான் தலைகாட்டுகிறது. சக்கரத்துக்குப் பொதுச்சொல் இருக்கிறதென்றால், கிரேக்கமும் சமஸ்கிருதமும் பிரிந்தது அதற்கு அப்புறம்தானே?

இதே குடும்பத்தைச் சேர்ந்த, இன்றைய துருக்கியில் பேசப்பட்ட பழைய மொழியான ஹிட்டைட்டில் சக்கரத்துக்கு வேறு சொல். அவர்கள் முந்தைய வண்டியில், சரி, வண்டியே இல்லாமல் கிளம்பிவிட்டார்கள் போல.

"கோட்டம் எடுத்தாச்சு சார்."

அந்த வாக்கியத்தின் பெயர்ச்சொற்களில் கோட்டம் மட்டும்தான் நம்முடையது.